போலந்தின் வட்டார மன்றங்கள் ராஜாவை எதிர்த்தது சரியா? அதனால்தான் நாடு போனதா?

கேள்வி இதுதான்: 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பல நாடுகளில் ராஜாக்களின் கை ஓங்கிக்கொண்டே போனபோது, போலந்தில் மட்டும் மாகாணத்துக்கு மாகாணம் கூடிய பிரபுக்களின் மன்றங்கள் எப்படி ராஜாவை மடக்கி வைத்தன, கடைசியில் 1795-இல் நாடே வரைபடத்திலிருந்து போனதற்கு அவைதான் காரணமா?

பாதிதான் சரி. "ஆளாளுக்கு நாட்டாமை செய்தார்கள், நாடு குட்டிச்சுவர் ஆனது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள், இதே மன்றங்கள் இருநூறு வருடம் நன்றாகவே வேலை செய்தன என்பதைப் பார்ப்பதில்லை. என் கருத்து, ராஜாவிடம் 'முடியாது' என்று சொல்லும் உரிமை நாட்டைக் கெடுக்கவில்லை. 'சரி, தருகிறோம்' என்று சொல்வதற்கு இருந்த வழி ஒவ்வொன்றாக அடைபட்டதுதான் கெடுத்தது. அதை அடைத்ததில் ராஜாவுக்கும் பங்கு உண்டு, பிரபுக்களுக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் யார் இவர்கள் என்று பார்த்துவிடலாம். போலிஷ் மொழியில் 'செய்ம்' என்றால் நாடாளுமன்றம், 'செய்மிக்' என்றால் குட்டி செய்ம், அதாவது வட்டார மன்றம். 1569-இல் லூப்ளின் நகரில் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே அரசாக இணைந்த பிறகு இப்படி ஏறக்குறைய 70 மன்றங்கள் இருந்தன. இவற்றில் கூடுகிற பிரபு வர்க்கத்துக்கு 'ஷ்லாக்தா' என்று பெயர். பிரபு என்றதும் கோட்டை, குதிரை, வேலையாட்கள் என்று கற்பனை செய்ய வேண்டாம். பிரான்சில் பிரபுக்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள்; போலந்தில் நூற்றுக்கு ஆறு முதல் எட்டுப் பேர். மசோவியா பக்கம் இன்னும் அதிகம், அங்கே தன் துண்டு நிலத்தைத் தானே உழுகிற பிரபு சாதாரணம். ஆனாலும் அவன் இடுப்பில் வாள் தொங்கும், மன்றத்தில் அவன் குரல் பெரும்பண்ணைக்காரனின் குரலுக்குச் சமம். "தன் முற்றத்தில் நிற்கிற பிரபு மாகாணத் தலைவனுக்கு இணை" என்று அவர்கள் மொழியில் ஒரு பழமொழியே உண்டு. ஒருவரை ஒருவர் 'பானியே பிராச்சியே' என்று கூப்பிடுவார்கள். 'ஐயா, சகோதரரே' என்று அர்த்தம், மரியாதையும் பங்காளி உறவும் ஒரே மூச்சில்.

ராஜா ஏன் இவர்களிடம் போய் நின்றார்? பணத்துக்கு. 1374-இல் லூயி என்ற ராஜா (ஹங்கேரிக்கும் அவர்தான் ராஜா) தனக்கு ஆண் வாரிசு இல்லாததால் மகளுக்கு அரியணை கிடைக்க வேண்டும் என்று கோஷித்சே நகரில் பிரபுக்களோடு ஒரு பேரம் செய்தார்: மகளை ஏற்றுக்கொள்ளுங்கள், இனி உங்கள் நிலத்துக்கு ஒரு 'வான்' அளவுக்கு (அது ஒரு குடியானவக் குடும்பம் பிழைக்கிற அளவு நிலம்) வருடத்துக்கு 2 குரோஷ் மட்டும் கொடுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு காசு வேண்டுமானாலும் அவர்கள் சம்மதம் வேண்டும். விலைவாசி ஏற ஏற அந்த 2 குரோஷ் ஒன்றுமில்லாமல் போனது, ஆனால் சம்மதம் கேட்க வேண்டும் என்பது மட்டும் நிலைத்தது.

அடுத்த பெரிய திருப்பம் 1454. நான்காம் காசிமிர் டியூட்டானிக் வீரத்துறவிகளின் அமைப்போடு போருக்குப் போகிறார். திரட்டப்பட்ட பிரபுக்கள் செரெக்வித்சா என்ற இடத்தில் முகாமிட்டு, எங்கள் கோரிக்கைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த அடி என்று உட்கார்ந்துவிட்டார்கள். ராஜா போட்டுக் கொடுத்தார். சில நாளிலேயே ஹோய்னித்சேவில் அதே படை படுதோல்வி அடைந்தது, அது வேறு கதை. அந்த ஆண்டு முடிவதற்குள் நியெஷாவாவில் அவர் எழுதிக் கொடுத்த சாசனங்களின் சாரம் இது: வட்டார மன்றங்களைக் கேட்காமல் புதுச் சட்டமும் கிடையாது, பொதுப் படை திரட்டலும் கிடையாது. ஆக, நாடாளுமன்றத்துக்கு வேர் இந்த மன்றங்கள்தான். இரண்டு அவைகளாகப் பிரிந்த செய்ம் 1493-இல்தான் வருகிறது. 1505-இல் ராதோம் நகரில் நிறைவேறிய சட்டம், செனட்டர்களும் (செய்மின் மேலவைக்காரர்கள்) வட்டாரப் பிரதிநிதிகளும் ஒப்பாமல் 'புதிதாக எதுவும் இல்லை' என்று எழுதியே வைத்தது.

ஒரு மன்றம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் இந்த அரசியல் புரியும். கிராக்கோவ் மாகாணத்தின் மன்றம் கிராக்கோவில் கூடாது, புரொஷோவித்சே என்ற சின்ன ஊரில் கூடும். போஸ்னான், காலிஷ் மாகாணங்களுக்கு ஷ்ரோதா, சாந்தோமியேஷுக்கு ஒபாத்துவ், ருத்தேனியாவுக்கு விஷ்னியா. செய்ம் கூடுவதற்குச் சுமார் 6 வாரம் முன்னால் இந்த ஊர்களில் குதிரைகளும் வண்டிகளும் வந்து நிற்கும். கூடும் இடம் பெரும்பாலும் ஊர்த் தேவாலயம், ஏனென்றால் அத்தனை பேரை உள்ளே வைக்க வேறு கட்டடம் கிடையாது. வாளோடு வருகிற கூட்டம் என்பதால், கைகலப்பு வந்தாலும் வரலாம் என்று தேவநற்கருணையை முன்னாலேயே வேறு இடத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். முன் பெஞ்சுகளில் செனட்டர்கள், அவர்களுக்குப் பின்னால் பதவிக்காரர்கள், மற்றவர்கள் நின்றபடி. முதல் வேலை அவைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது, சில சமயம் அதிலேயே ஒரு நாள் போய்விடும். அப்புறம் ராஜாவின் தூதர் எழுந்து ராஜாவின் கடிதத்தை வாசிப்பார்: தெற்கே தாத்தார்கள் வருகிறார்கள், வடக்கே சுவீடன் காரன் நிற்கிறான், படைக்குச் சம்பளப் பாக்கி இருக்கிறது, இத்தனை வரி வேண்டும். ராஜா தன் தரப்பை ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனித்தனியாக விளக்கியே ஆக வேண்டும்.

தூதர் வெளியே போன பிறகு விவாதம். அதன் முடிவில் இரண்டு காரியம் நடக்கும்: செய்முக்குப் போகிற பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் கையில் ஒரு கட்டளைப் பத்திரம் கொடுப்பது. இந்தப் பத்திரம்தான் எல்லாவற்றுக்கும் சாவி. இன்ன வரிக்கு ஒப்புக்கொள், இன்னதற்கு ஒப்பாதே, இன்னாருக்குச் சேர வேண்டிய பணத்தை ராஜாவிடம் கேள், ஆற்றுச் சுங்கம் பற்றிப் பேசு என்று பெரியதும் சின்னதுமாக வரிசையாக இருக்கும். சிலவற்றில் 'பொதுநலம் பார்த்து முடிவெடு' என்று கை அவிழ்த்து விடுவார்கள், சிலவற்றில் 'ஒரு எழுத்தும் தாண்டாதே' என்று சத்தியம் வாங்கிக்கொள்வார்கள். பத்திரத்தைக் கோட்டை நீதிமன்றப் பதிவேட்டில் எழுதி வைத்துவிடுவார்கள். செய்ம் முடிந்ததும் பிரதிநிதி திரும்பி வந்து அதே தேவாலயத்தில் நின்று என்ன செய்தேன் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அதற்கென்றே தனியாக ஒரு கூட்டம் உண்டு. இன்றைக்கு நாம் தேர்ந்தெடுக்கிற உறுப்பினர்களில் எத்தனை பேர் தொகுதிக்கு வந்து இப்படிப் புள்ளி புள்ளியாகப் பதில் சொல்கிறார்கள் என்று யோசித்தால் இது எவ்வளவு கனமான ஏற்பாடு என்று தெரியும்.

இந்த ஏற்பாடு வெறும் முட்டுக்கட்டையாக மட்டும் இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் மன்றங்கள் ராஜாவை எதிர்த்து ஒரு பெரிய சீர்திருத்தத்தையே நடத்தின. அரச நிலங்களைப் பெரும் பண்ணைக்காரர்கள் குத்தகையாகவும் அடமானமாகவும் வளைத்துப் போட்டிருந்தார்கள். அதைத் திருப்பி வாங்கு, அந்த வருமானத்தில் எல்லைக் காவலுக்குப் படை வை என்று நடுத்தரப் பிரபுக்கள் மன்றம் மன்றமாகக் கத்தினார்கள். 1562–63-இல் பியோத்ர்குவ் செய்மில் இரண்டாம் சிகிஸ்முந்து அகஸ்து அவர்கள் பக்கம் வந்தார். அரச நிலங்களின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு நிரந்தரக் காவல் படைக்கு என்று முடிவானது, அந்தப் பணம் ராவா கோட்டையில் வைக்கப்பட்டது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரும் புள்ளிகளுக்கு எதிராக ராஜாவும் வட்டார மன்றங்களும் கைகோத்தபோது பணமும் வந்தது, படையும் வந்தது. ஆக, இந்த மன்றங்களுக்கு அரசு என்றாலே ஆகாது என்பது பொய்.

1572-இல் சிகிஸ்முந்து அகஸ்து வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜா இல்லாத அந்த மாதங்களில் நாட்டை நடத்தியதும் மாகாணம் மாகாணமாகக் கூடிய பிரபுக்கள்தான். அடுத்த ஆண்டு வார்சாவில் கூடி, வெவ்வேறு மதப் பிரிவினர் ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்த மாட்டோம் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பாரிசில் ஒரே இரவில் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களை மதத்தின் பெயரால் வெட்டிச் சாய்த்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. புது ராஜாவாகத் தேர்ந்தெடுத்தது அந்தப் பிரான்சின் இளவரசர் ஆன்றியை! அதனால்தான் அவரிடம் நிபந்தனைகளை இறுக்கி எழுதி வாங்கினார்கள்: இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்மைக் கூட்ட வேண்டும், வரிக்கும் பொதுப் படை திரட்டலுக்கும் அதன் சம்மதம் வேண்டும், கல்யாணம் செய்வதற்குக்கூட செனட்டைக் கேட்க வேண்டும், இதை எல்லாம் மீறினால் குடிகள் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ஆன்றி நாலைந்து மாதத்தில், 1574 ஜூனில், ராத்திரியோடு ராத்திரியாக பிரான்சுக்கே ஓடிப்போனார். நிபந்தனைகள் மட்டும் ஓடவில்லை, அடுத்தடுத்து வந்த எல்லா ராஜாக்களும் அதன் மேல் சத்தியம் செய்தார்கள்.

இப்போது 1606-க்கு வருகிறேன். எதிர்ப்பு அரசியல் என்றால் என்ன, அது எங்கே உடைந்தது என்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் இந்த வருடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ராஜா மூன்றாம் சிகிஸ்முந்து, சுவீடனின் வாசா குடும்பம். 1587-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரை அரியணையில் உட்கார வைத்ததில் பெரிய பங்கு சான்சலர் யான் ஜமோய்ஸ்கிக்கு. ஆனால் சில வருடத்திலேயே ஒரு செய்தி கசிந்தது: இந்தப் போலந்து அரியணையை ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு சுவீடனுக்குத் திரும்பலாமா என்று ராஜா ரகசியமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். 1592-இல் கூடிய செய்மில் ராஜாவையே உட்கார வைத்து விசாரித்தார்கள், அதன் பெயரே விசாரணை செய்ம் என்று நின்றுவிட்டது. தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தெரியாமல் நாட்டைக் கைமாற்றப் பார்த்தார் என்கிற அந்தச் சந்தேகம் அதற்கப்புறம் போகவே இல்லை. ராஜா பக்கத்தையும் பார்க்க வேண்டும், அவருக்கும் மன்றங்கள் என்றால் ஏன் எரிச்சல் வராது? 1599-இல் சுவீடனின் மன்றமே அவரை அங்கே ராஜா பதவியிலிருந்து இறக்கிவிட்டது. ஒரு அரியணையை இப்படி இழந்த மனிதர் இன்னொன்றில் உட்கார்ந்திருக்கிறார்.

படையின் நிலைமை இன்னும் மோசம். 1605 செப்டம்பரில் கிர்ஹோல்ம் போரில் தளபதி யான் கரோல் ஹோத்கியெவிச் சுமார் 4,000 பேரை வைத்துக்கொண்டு 11,000-ஐ ஒட்டிய சுவீடன் படையை நொறுக்கினார். ஐரோப்பாவே பேசிய வெற்றி. ஆனால் அந்த வருடத் தொடக்கத்தில் கூடிய செய்ம் வரி எதுவும் நிறைவேற்றாமல் கலைந்திருந்தது. அதனால் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, ஜெயித்த படை கூலிக்காகக் கூட்டணி கட்டிக்கொண்டு போர்முனையை விட்டே போனது. இதைப் பார்த்த எந்த ராஜாவும் நிரந்தர வரி வேண்டும், நிரந்தரப் படை வேண்டும், செய்மில் பெரும்பான்மை வாக்கில் முடிவெடுக்கலாம் என்றுதான் யோசிப்பார். 1606-இல் சிகிஸ்முந்து முன்வைத்த திட்டம் அதுதான். தனியாக வைத்துப் பார்த்தால் நியாயமான திட்டம்.

ஆனால் யார் கேட்கிறார் என்பதுதான் பிரச்சினை ஆனது. 1605 டிசம்பரில் அவர் இரண்டாவது முறையும் ஹாப்ஸ்பர்க் இளவரசியைத்தான் கல்யாணம் செய்துகொண்டார், இறந்துபோன முதல் மனைவியின் தங்கையை. அவையின் பிரசங்கியார் பியோத்ர் ஸ்கார்கா பலமான முடியாட்சிக்காகப் பேசுகிற ஏசுசபைத் துறவி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிரபுக்கள் ஒரே வார்த்தையில் முடிவுக்கு வந்தார்கள்: 'அப்சொலூத்தும் தொமீனியும்', முழு எதேச்சாதிகாரம் வருகிறது. அதுவரை கடிவாளத்தைப் பிடித்துப் பழகிய ஜமோய்ஸ்கியும் 1605 ஜூனில் இறந்துவிட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவர் கிராக்கோவ் மாகாணத் தலைவர் மிக்கோவாய் ஜெப்ஷிதோவ்ஸ்கி. கடும் கத்தோலிக்கர், கிராக்கோவுக்குத் தெற்கே மலைச்சரிவில் ஏசுவின் பாடுகளுக்காகக் கோயில்களும் சிற்றாலயங்களும் கட்டிக்கொண்டிருந்தவர் (கல்வாரியா ஜெப்ஷிதோவ்ஸ்கா என்று இன்றும் யாத்திரைத் தலம், 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது). கிராக்கோவில் அவர் இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ராஜா உத்தரவு போட்டதாகவும், "நான் வீட்டை விட்டுப் போகிறேன், ராஜா ராஜ்யத்தை விட்டுப் போவார்" என்று அவர் பதில் சொன்னதாகவும் ஒரு கதை அங்கே எல்லாருக்கும் தெரியும். சொன்னாரோ இல்லையோ, செய்ததைப் பார்த்தால் சொல்லியிருப்பார் போலத்தான் இருக்கிறது.

1606 ஏப்ரலில், வார்சாவில் செய்ம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர் ஆட்கள் ஸ்தென்ஷித்சாவில் தனிக் கூட்டம் கூட்டினார்கள். ஜூனில் லூப்ளின், ஆகஸ்டில் சாந்தோமியேஷ். அங்கே அவர்கள் தங்களை 'ரோகோஷ்' என்று அறிவித்தார்கள். அந்த வார்த்தை ஹங்கேரியிலிருந்து வந்தது. பெஷ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ராகோஷ் என்ற வெட்டவெளியில் ஹங்கேரியப் பிரபுக்கள் ஆயுதத்தோடு கூடுவார்கள், அந்த இடத்தின் பெயர் போலந்துக்கு வந்து 'ராஜாவுக்கு எதிரான சட்டபூர்வமான கிளர்ச்சி' என்ற அர்த்தம் எடுத்துக்கொண்டது. பக்கத்து ஹங்கேரியில் அதே வருடம்தான் போச்காய் தலைமையிலான எழுச்சி ஹாப்ஸ்பர்க் பேரரசரிடமிருந்து மதச் சுதந்திரத்தை எழுதி வாங்கியது, அது இவர்களுக்குப் புத்தம்புது முன்மாதிரி. சாந்தோமியேஷில் 67 கோரிக்கைகள் எழுதப்பட்டன. வெளிநாட்டு ஏசுசபையாரை வெளியேற்று, மதச் சமாதானத்துக்கு உத்தரவாதம் கொடு, பதவிகளை ராஜா இஷ்டத்துக்கு வாரி வழங்காதே என்று போகும் அந்தப் பட்டியல். யானுஷ் ரட்ஜிவில் போன்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் ஒரு பக்கம், கல்வாரி கட்டுகிற ஜெப்ஷிதோவ்ஸ்கி இன்னொரு பக்கம், இரண்டு பேரும் ஒரே முகாமில். அவர்களைச் சேர்த்து வைத்தது ராஜா மேல் இருந்த பயம் ஒன்றுதான்.

அங்கேதான் பலவீனமும் இருந்தது. பல மாகாணங்களில் மன்றங்களே இரண்டாகப் பிரிந்தன. ராஜா செய்வது தப்பு என்று நினைத்தவர்களில் நிறையப் பேர் ஆயுதம் எடுப்பது அதைவிடத் தப்பு என்றும் நினைத்தார்கள். அக்டோபரில் யானோவியெத்ஸ் பக்கத்தில் ராஜாவின் படை சூழ்ந்துகொண்டபோது ஜெப்ஷிதோவ்ஸ்கி மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். அடுத்த வருடம் மறுபடி கிளம்பினார். 1607 ஜூன் 24 அன்று வார்சாவுக்கு அருகே யெஜியோர்னாவில் ராஜாவுக்குக் கீழ்ப்படிவதை விட்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். ஜூலையில் ராதோம் பக்கத்தில் கூஸுவ் கிராமத்து வெளியில் இரண்டு படைகளும் மோதின. ராஜா பக்கம் ஹோத்கியெவிச்சும் ஸ்தானிஸ்வாவ் ஜோல்கியெவ்ஸ்கியும், நாட்டின் மிகச் சிறந்த இரண்டு தளபதிகள். ஜோல்கியெவ்ஸ்கி அரசியலில் ஜமோய்ஸ்கி பள்ளியில் வளர்ந்தவர், ராஜாவின் கொள்கை எல்லாம் அவருக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. ரோகோஷ்காரர்கள் தோற்று ஓடியபோது யாரும் துரத்திப் போய் வெட்டவில்லை. எதிரே ஓடியவர்கள் அவர்களுடைய அண்ணன் தம்பிகள், பக்கத்துப் பண்ணைக்காரர்கள், நேற்று வரை ஒரே தேவாலயத்தில் நின்று 'பானியே பிராச்சியே' சொன்னவர்கள்.

ஜெயித்தது ராஜா. ஆனால் 1609 செய்மில் எல்லோருக்கும் பொது மன்னிப்பு கொடுத்தார், நிரந்தர வரியும் பெரும்பான்மை வாக்கும் பேச்சோடு போயின. கீழ்ப்படிய மறுக்கும் உரிமையை ரத்து செய்யவில்லை, முதலில் இத்தனை முறை எச்சரிக்க வேண்டும் என்று நடைமுறை மட்டும் வகுத்தார்கள். ஜெப்ஷிதோவ்ஸ்கி கல்வாரி கட்டப் போனார், 1620-இல் இறந்தார். மன்னிப்பில் சேராத அலெக்சாந்தர் லிசோவ்ஸ்கி போன்றவர்கள் ரஷ்யாவுக்குப் போய், தன்னை ஜார் என்று சொல்லிக்கொண்ட இரண்டாவது போலி திமித்ரியின் படையில் சேர்ந்தார்கள்.

இவர்களை வெறும் கலகக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பயந்தது கற்பனைக்கு அல்ல. அதே ஹாப்ஸ்பர்க் குடும்பம் பக்கத்து பொஹீமியாவில் என்ன செய்தது பாருங்கள்: 1620-இல் வெள்ளைமலைப் போரில் அங்கத்துப் பிரபுக்கள் தோற்றார்கள், 1621 ஜூன் 21 அன்று பிராக் நகரச் சதுக்கத்தில் 27 தலைவர்களுக்கு மரண தண்டனை நிறைவேறியது, 1627-இல் புதுச் சட்டம் போட்டு அரசுரிமையைப் பரம்பரையாக்கி மன்றத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பிரான்சில் 1614-இல் கூடிய தேசிய மன்றம் மறுபடி கூடியது 1789-இல்தான். 1606-இல் போலந்துப் பிரபு பயந்ததெல்லாம் அவன் ஆயுசுக்குள்ளேயே அண்டை நாட்டில் நடந்தது. அவன் எதிர்த்தது சரி. எதிர்த்த பிறகு ஒரு நல்ல ஏற்பாட்டுக்கு வராமல் விட்டதுதான் தவறு.

ஏனென்றால் 1607-க்குப் பிறகு இரண்டு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லாத இடத்தில் பத்திரத்தின் ஷரத்துகள் இறுகும். 1613-லிருந்து செய்மில் வரிப்பேச்சு வந்தாலே சில மாகாணப் பிரதிநிதிகள் "சகோதரர்களைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று ஊருக்குத் தூக்கிப் போனார்கள். ஊரில் மறுபடி கூட்டம், ஒரு மாகாணம் முழுதும் தரும், இன்னொன்று பாதி தரும், இன்னொன்று தன் பங்கை இழுத்தடிக்கும். நாளாக ஆக மன்றங்களே சொந்தக் கஜானா வைத்து, சொந்தமாக வரி வசூலித்து, சொந்தமாகப் படைவீரர்களைச் சேர்த்தன. ஒவ்வொரு வட்டாரமாகப் பார்த்தால் திறமையான நிர்வாகம்தான். ஆனால் அத்தனை வட்டாரங்களையும் ஒரு முடிவுக்குக் கொண்டு வரும் கை எங்கேயும் இல்லை.

1652 மார்ச்சில் உபித்தே என்ற லித்துவேனிய வட்டாரத்தின் பிரதிநிதி விளாதிஸ்வாவ் சிச்சின்ஸ்கி, செய்மை 6 வாரத்துக்கு மேல் நீட்டிக்க நான் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அவைத்தலைவர் அதைச் செல்லும் என்று ஏற்றார். ஒரே ஆள் முழு நாடாளுமன்றத்தையும் கலைக்கலாம் என்ற புகழ்பெற்ற ரத்து உரிமை இப்படித்தான் வேரூன்றியது. ஆனால் அந்த ஒரு ஆள் தனி ஆள் அல்ல, ரட்ஜிவில் என்ற பெரும் பண்ணைக் குடும்பத்தைச் சார்ந்து நின்றவர்.

அதுதான் இந்த மன்றங்களுக்குள் நடந்த பெரிய மாற்றம், என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது. 17-ஆம் நூற்றாண்டின் போர்களில் நடுத்தரப் பிரபுக்கள் நொடித்துப் போனார்கள். சொந்த வருமானத்தில் நிமிர்ந்து நின்று பேசிய அந்த ஆள் மன்றத்தில் குறையக் குறைய, பெரும் பண்ணைக் குடும்பம் வண்டி வண்டியாகக் கூட்டி வந்து சாப்பாடும் மதுவும் போட்டு நிறுத்திய நிலமில்லாத பிரபு பெருகினான். அவன் வாக்கு அவனுடையது அல்ல. 1655-இல் சுவீடன் படை வந்தபோது உய்ஷ்ச்சேயில் போஸ்னான் மாகாணத் தலைவர் கிஷிஷ்தோஃப் ஒபாலின்ஸ்கி முன்னிலையில் அந்த வட்டாரப் படையே சரணடைந்து எதிரி ராஜாவின் பாதுகாப்பை ஏற்றது. 1665–66-இல் ராஜா உயிரோடு இருக்கும்போதே வாரிசைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தை எதிர்த்து லுபோமிர்ஸ்கி என்ற பெரும் பிரபு இன்னொரு ரோகோஷ் நடத்தினார். இந்த முறை மோந்த்வியில் தோற்றது ராஜாவின் படை. இரண்டு வருடம் கழித்து அந்த ராஜா, யான் காசிமிர், முடியைத் துறந்துவிட்டுப் பிரான்சுக்குப் போனார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு சுதந்திரம் பேசிய அந்தத் தேவாலயத்துக்குள் குடியானவனுக்கு இடம் கிடையாது. 1496-இல் அவன் கிராமத்தை விட்டுப் போவதைக் கட்டுப்படுத்திய சட்டமும், 1520-இல் வாரத்துக்கு ஒரு நாள் பண்ணையில் சும்மா உழைக்க வேண்டும் என்ற சட்டமும் இதே பிரபுக்களின் ஒப்புதலோடு வந்தவை. அந்த ஒரு நாள் பிறகு மூன்றும் அதற்கு மேலும் ஆனது. ராஜாவிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, தன் வயலில் குனிந்து நிற்கிறவனுக்கும் ஒரு வரி எழுதலாமே என்று தோன்றவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

1717-இல் ரஷ்ய ஜார் பீட்டரின் மத்தியஸ்தத்தில், ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு ஒரே நாளில் முடிந்த செய்ம், மன்றங்களின் வரி அதிகாரத்தைப் பறித்தது, படையையும் 24,000 என்று கட்டிப்போட்டது. அதற்கப்புறம் மூன்றாம் அகஸ்து ஆண்ட ஏறக்குறைய முப்பது வருடத்தில் உருப்படியாக முடிந்த செய்ம் ஒன்றே ஒன்றுதான். பக்கத்து ராஜ்யங்கள் லட்சக்கணக்கில் படை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1772-இல் அந்த அண்டை ராஜ்யங்கள் போலந்தின் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட முதல் பிரிவினை.

இங்கேயே கதை முடிந்துவிட்டது என்று பல பேர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1788-இல் தொடங்கி நாலு வருடம் நடந்த செய்மைப் பாருங்கள். 1374 முதல் நிலவரிக்கு இழுத்துப் பிடித்த அதே வர்க்கம் 1789-இல் தன் நில வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானே வரியாக எழுதிக் கொடுத்தது, 100,000 பேர் கொண்ட படைக்காக. 1791 மார்ச்சில் மன்றங்களுக்கான புதுச் சட்டம் வந்தது: நிலமில்லாத, பெரும்புள்ளியின் சாப்பாட்டுக்கு வாக்களிக்கிற பிரபுவுக்கு இனி வாக்கு கிடையாது, முடிவுகள் பெரும்பான்மையில். மே 3 அன்று வந்த அரசியல் சாசனம் தனி ஆள் ரத்து உரிமையையும், ராஜாவுக்கு எதிராகக் கூட்டணி கட்டும் உரிமையையும் ஒழித்தது. 1606-இல் சிகிஸ்முந்து கேட்டதில் முக்கால்வாசி, அதுவும் பிரதிநிதிகள் கையாலேயே.

1792 பிப்ரவரியில் வட்டார மன்றங்கள் கூடின, சாசனத்தை ஏற்கிறீர்களா என்று பார்க்கும் முதல் வாய்ப்பு. கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான மன்றங்கள் சத்தியம் செய்தோ நன்றித் தீர்மானம் போட்டோ ஆதரவு சொன்னன. அதை ஏற்காத பெரும் பிரபுக்கள் சிலர், ஷ்சென்ஸ்னி பொதோத்ஸ்கியும் பிரனித்ஸ்கியும் ஷெவூஸ்கியும், பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்து, பழைய சுதந்திரத்தை மீட்கிறோம் என்று ஒரு கூட்டணிப் பத்திரம் தயார் செய்தார்கள். மே 18 அன்று ரஷ்யப் படை எல்லையைத் தாண்டியது.